படத்தில் இல்லாத கை

நேற்றுப் பார்த்தபோது படத்திலிருந்த பெண்ணுக்கு மணிக்கட்டு வரை கை தெரிந்தது. இன்று முழங்கையோடு நின்றுவிட்டது.

கண்காட்சிப் புகைப்படங்களுக்கு விளக்க அட்டை எழுதுவதுதான், அதைப் பார்த்து நின்றவளின் பிழைப்பு. எந்தப் படத்தைக் காட்டினாலும் இது என்ன கனவு, யாருடைய பாதிப்பு, எதன் குறியீடு என்று மூச்சுவிடாமல் சொல்வாள். "உங்கம்மா உப்பு டப்பாவுக்குக்கூட அர்த்தம் எழுதுவா" என்று கணவன் மகளிடம் கேலி செய்வான். இந்தப் படமும் அவளைத் திணறடிக்கவில்லை. நீண்ட நடைக்கூடம், முதுகைக் காட்டி நிற்கும் ஒரு பெண். ஆனால் கால் விரல்கள் மட்டும் பார்ப்பவரை நோக்கியிருந்தன. நீட்டிய இடது கை படத்தின் ஓரத்தைத் தாண்டி வெளியே போயிருந்தது. இரண்டு நெகட்டிவை ஒட்டி அச்சிட்ட சர்ரியலிச வித்தை, வேறென்ன? 'இவள் ஒரு தாய். படத்துக்கு வெளியே தன் குழந்தையின் கையைத் தேடுகிறாள்' என்று எழுதி, நேற்று அவளே அட்டையை ஒட்டினாள்.

பிரேம் போட்டவர் ஓரத்தை வெட்டித் தொலைத்திருப்பார் என்று திட்டிக்கொண்டே, படமெடுத்தவருக்குப் போன் செய்தாள். வெளியே மழை பிடித்திருந்தது. ஆளில்லாத கூடத்தில் புதுப் பெயிண்ட் வாசனையோடு எங்கிருந்தோ காயாத துணியின் நாற்றமும் கலந்து வர, தடுப்புச் சுவருக்கு அப்பால், பள்ளி விட்டதும் கூட்டி வந்திருந்த மகள் ஏதோ முணுமுணுத்துப் பாடியபடி ஷூவைத் தரையில் தேய்க்கும் சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது.

"யாரும் வெட்டலைங்க," என்றார் அவர். "ஒட்டு வேலையும் கிடையாது. அங்க நின்னதைத்தான் எடுத்தேன்."

"அப்ப கை எங்க போச்சு?"

"மேடம், அட்டையில என்ன எழுதினீங்க?"

படித்துக் காட்டினாள்.

"ஐயோ. அவளுக்குப் பேரு, உறவு எதுவும் வைக்கக் கூடாதுன்னுதானே தலைப்பே இல்லாம அனுப்பினேன்? அம்மான்னு எழுதிட்டீங்களே! கிழிங்க. முதல்ல அதைக் கிழிங்க."

நகத்தால் அட்டையைச் சுரண்டினாள். பாதிதான் வந்தது. நிமிர்ந்து பார்த்தாள்.

தோள் இல்லை. முதுகு இல்லை. வெறும் நடைக்கூடம்.

பாட்டும் நின்றிருந்தது.

"பாப்பா?"

ஓடினாள். தடுப்புக்கு அப்பால் மகள் நுனிக்காலில் நின்றிருந்தாள். வலது கை தலைக்கு மேலே உயர்ந்திருந்தது, உயரமான யாரோ பிடித்திருப்பதுபோல. மணிக்கட்டுச் சதையில் விரல் விரலாகப் பள்ளம். பக்கத்தில் யாருமில்லை.

பாய்ந்து மகளின் இன்னொரு கையைப் பற்றினாள். இழுத்தாள். அந்தப் பக்கமும் இழுத்தது.

குழந்தை இவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. வெறும் காற்றை அண்ணாந்து பார்த்து அழுதது.

"அம்மா, யாரோ என் கையப் புடிச்சு இழுக்கிறாங்க."