ஒரே லாட் சரக்கு

தன் விந்தில் அணுவே இல்லை என்று சொல்லும் காகிதத்தை லேமினேட் செய்து வைத்திருந்த மனிதரை மைத்துனர் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார். வந்தவர் அதை மேசைமேல் வைத்து, மேசை விளிம்போடு கோணாமல் நிற்கும்படி இரண்டு தடவை நகர்த்தினார்.

மைத்துனர் என்றால் துப்பறிகிறவருடைய மனைவியின் தம்பி. மருந்து விற்கும் வேலையை விட்டுவிட்டு அத்தானோடு ஒட்டிக்கொண்டவர். அத்தான் காப்பீட்டு நிறுவனத்தில் முப்பது வருடம் பொய்க் கோரிக்கைகளைப் பிடித்து ஓய்வுபெற்றவர், அதிர்ந்து பேசமாட்டார். மைத்துனருக்கு அந்தப் பொறுமை கிடையாது. ஆள் வாயைத் திறக்குமுன் நோட்டைத் திறந்து சந்தேகப் பட்டியல் போட்டுவிடுவார்.

“பம்பு கம்பெனியில தர ஆய்வாளர் சார்,” என்றார் வந்தவர். “பன்னெண்டு வருஷமா ஒரு நாள் லீவு போட்டதில்ல. காலையில எட்டுக்கு உள்ள போனா சாயங்காலம் அஞ்சுக்குத்தான் கேட்டைத் தாண்டுவேன். வருகைக்குப் பரிசு வாங்கியிருக்கேன்.”

“சரி. பிரச்சினை என்ன?”

“ரெண்டு பொண்ணுங்க. போதும்னு ஒரு ஞாயித்துக்கிழமை நான்தான் ஆபரேஷன் பண்ணிக்கிட்டேன். எங்க கம்பெனி வேன் டிரைவர் எட்டு வருஷத்துக்கு முன்னாடி பண்ணிக்கிட்டவரு, அவருதான் தைரியம் சொன்னாரு. அவருக்குச் செஞ்ச அதே டாக்டர்கிட்டயே போனேன். பதினோரு மாசம் ஆச்சு. இப்போ என் சம்சாரம் முழுகாம இருக்கா, மூணு மாசம்.” அவர் காகிதத்தை மறுபடி நேராக்கினார். “அவங்க அக்கா வீட்டுக்கு அனுப்பிட்டேன். பொண்ணுங்க முகத்தைப் பார்த்தாலும் என் ஜாடைதானான்னு தேட ஆரம்பிச்சுட்டேன். யாருன்னு கண்டுபிடிச்சுக் கொடுங்க.”

“யார் மேலயாவது சந்தேகம்?”

“மாடியில ஒரு கடிகார ரிப்பேர்காரர் குடியிருக்காரு. தனி ஆளு. போன மாசம் நல்ல மழை. அஞ்சேகாலுக்கு வீட்டுக்கு வந்தா வாசல்ல அவரோட செருப்பு, சேறும் சகதியுமா. வீட்டுல யாருமே இல்ல.”

மைத்துனரின் பேனா பறந்தது. அத்தானோ காகிதத்தைப் படித்துக்கொண்டிருந்தார்.

“செவ்வாய்க்கிழமை காலை பத்து நாற்பது. ஆய்வக அறையிலேயே எடுத்தது. அணுக்கள் இல்லை,” என்று மெல்லச் சொல்லிவிட்டு நிமிர்ந்தார். “டாக்டர் என்ன சொல்லி அனுப்பினாரு?”

“மூணு மாசம் ஜாக்கிரதையா இருக்கணும், அப்புறம் சோதனை பண்ணி ஒண்ணுமில்லைன்னு வந்தாத்தான் நிச்சயம்னாரு. அதான் வந்துடுச்சே.”

“இன்னொரு தடவை சோதனை பண்ணணும். நாளைக்கே, வேலை முடிஞ்சதும். இவர் உங்ககூட வந்து ஆய்வக வாசல்ல உட்காருவாரு. முடிவு நேரா எங்கிட்ட வரட்டும்.”

ஆய்வாளரின் முகம் கழுத்துவரை சிவந்தது. “அதான் ஒண்ணு இருக்கே சார். அந்த ரூமும் அந்த டப்பாவும்... வேற எது வேணாலும் கேளுங்க.”

“வேற எதுவும் வேண்டாம்.”

அவர் போனதும் அத்தான் சொன்னார்: “மாப்ள, அவர் தெருப்பக்கம் போகாத. சோதனை முடியட்டும்.”

மைத்துனர் தலையாட்டினார். மறுநாள் சாயங்காலம் ஆய்வாளரை ஆய்வகத்தில் உட்காரவைத்து, அவர் வெளியே வந்து கையெழுத்துப் போட்டுக் கிளம்பியதும், நேராக அவர் தெருவுக்குப் போனார். ஆறு வீடுகளில் விசாரித்தார். கடிகாரக்காரர் எப்போது வருவார், எப்போது போவார், மாடிப்படி எந்தப் பக்கம், அந்த அம்மா சிரித்துப் பேசுவார்களா என்று நயமாகக் கேட்டார். நோட்டில் நாலு பக்கம் நிறைந்தது. பேச்சு பரவி, அந்த வாரத்துக்குள் வீட்டுச் சொந்தக்காரர் கடிகாரக்காரரிடம் வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் அத்தான் தன் அறைக்கு வரவழைத்தார். ஆய்வாளர் ஜன்னலோரம் உட்கார்ந்தார். அவர் மனைவி கதவருகே நாற்காலியில், வாந்தி எடுத்து வெளிறிய முகத்தோடு. கடிகாரக்காரர் உட்காரவேயில்லை. மேசைமேல் பிரிக்காத உறை ஒன்று கிடந்தது.

“முதல்ல செருப்பு,” என்றார் அத்தான். “அன்னிக்கு இந்த அம்மா படியில மயங்கி விழுந்திருக்காங்க. இவர் ஆட்டோ கூப்பிட ஓடியிருக்காரு. முனையில நிக்கிற ஆட்டோக்காரரைக் கேட்டேன். கொட்டுற மழையில வெறுங்காலோட ஒருத்தர் ஓடி வந்தது அவருக்கு நல்லா ஞாபகம் இருக்கு. டாக்டர் வீட்டுலேர்ந்து திரும்ப ஆறு மணி ஆயிடுச்சு. மயக்கம் எதனாலன்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சது.”

“வழுக்குச்சு, கழட்டிப் போட்டுட்டு ஓடினேன்,” என்றார் கடிகாரக்காரர். “அவ்வளவுதான்.”

“அப்போ வேற யாரு?” என்று ஆய்வாளர் எழுந்தார்.

“உட்காருங்க. ரிப்போர்ட்டுல இருக்கிற அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில பத்து நாற்பதுக்கு நீங்க எங்க இருந்தீங்க?”

“கம்பெனியிலதான். நான் லீவே...” அவர் பாதியில் நின்றார்.



“எட்டு மணியிலேர்ந்து அஞ்சு மணி வரைக்கும் கேட்டுக்குள்ள இருந்தவரு, பத்து நாற்பதுக்கு ஆய்வக அறையில எப்படி இருக்க முடியும்? உங்க பேரைச் சொல்லிட்டு வேற ஒருத்தர் போயிருக்காரு. அவருக்கு அணு இருக்கக் கூடாது. வேலை நேரத்துல கேட்டைத் தாண்டுறவராவும் இருக்கணும். அப்படி ஒருத்தரை நீங்களே எனக்குச் சொன்னீங்க.”

“வேன் டிரைவர்,” என்று மைத்துனர் தன்னையறியாமல் முணுமுணுத்தார்.

ஆய்வாளர் தலையைக் குனிந்துகொண்டார். “எனக்கு வெட்கமா இருந்துச்சு சார். அங்க இருக்கிற நர்ஸுங்கல்லாம் சின்னப் பொண்ணுங்க. ரிப்போர்ட் ஒண்ணு இருந்தா சம்சாரம் நிம்மதியா இருப்பாளேன்னு... அவரும் நானும் ஒரே டாக்டர், ஒரே ஆபரேஷன். கம்பெனியில ஐநூறு வால்வு வந்தா நாலை எடுத்துப் பார்ப்போம். சரியா இருந்தா மொத்த லாட்டும் பாஸ். ஒரே கை செஞ்சது, ஒரே லாட் சரக்குதானேன்னு நினைச்சேன்.”

“நல்ல ஆபரேஷன்தான். நூத்துல ஒருத்தருக்குக்கூட இப்படி ஆகாது,” என்றார் அத்தான். “ஆனா அறுத்த குழாய் சில பேருக்குத் தானா ஒட்டிக்கும். அந்த ஒருத்தர் யாருன்னு தெரியத்தான் சோதனை. நீங்க அவர் உடம்பைச் சோதிச்சு உங்க உடம்புக்கு முத்திரை குத்திட்டீங்க.” உறையைப் பிரித்துப் படித்தார். “அணுக்கள் இருக்கு. நிறையவே.”

ஆய்வாளர் மனைவியின் பக்கம் திரும்பினார். “தப்புதான். வீட்டுக்கு வா,” என்றார். மைத்துனருக்கே பாவமாக இருந்தது.

அவள் நாற்காலியை விட்டு அசையவில்லை. “அந்த ரிப்போர்ட்டைக் கையில வச்சுக்கிட்டு என்னைக் கேட்டீங்களே. அது உங்களுது இல்லைன்னு அப்பவும் உங்களுக்குத் தெரியும். ஆஸ்பத்திரி ரூமுக்குள்ள அஞ்சு நிமிஷம் நிக்க உங்களுக்கு வெட்கம். என்னைத் தெருவுல நிறுத்த வெட்கமா இல்ல. பொண்ணுங்களை நாளைக்கு அக்கா வீட்டுல கொண்டுவந்து விடுங்க. அவங்க துணியெல்லாம் நீலப் பையில இருக்கு.”

எழுந்து வந்தவள் மைத்துனர் முன்னால் நின்றாள். “ஆறு வீட்டுல கேட்டீங்களாமே. அதே ஆறு வீட்டுலயும் இதையும் சொல்லிடுங்க. இவர் பாவம், வீடு தேடிக்கிட்டு இருக்காரு.”

கடிகாரக்காரர் அவளுக்குப் பின்னால் படியிறங்கினார்.

மைத்துனருக்கு அத்தானின் முகத்தைப் பார்க்கவே கூசியது. அத்தான் திட்டியிருந்தாலாவது ஆறியிருக்கும். அவரோ கண்ணாடியைத் துடைத்தபடி, “போய்ட்டு வா மாப்ள,” என்று மட்டும் சொன்னார்.

நோட்டை மேசையிலேயே வைத்துவிட்டு மைத்துனர் அப்போதே கிளம்பினார். முதல் வீட்டு அம்மா கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். மைத்துனர் தட்டுத் தடுமாறி எல்லாவற்றையும் சொன்னார். தான் கேட்டதெல்லாம் தப்பு என்றார், அந்தப் பெண்மேல் குற்றமே இல்லை, கையில் ரிப்போர்ட் இருக்கிறது என்றார். அந்த அம்மா குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டு, ஈரப் புடவையை ஒரு உதறு உதறினார்.

“ரிப்போர்ட்டா?” என்று சிரித்தார். “அதை யாரு வேணா யாரு பேர்ல வேணா வாங்கிக்கலாமே தம்பி.”

இன்னும் ஐந்து வீடுகள் பாக்கி இருந்தன.