பிரஷ்ய எஞ்சினின் இரண்டு தண்டுகள்

2009 மே மாதத்துச் சனிக்கிழமை காலை. கோலியர்ஸ் வுட்டில் பாமாவின் வீட்டு மணி விடாமல் அடித்தது. காப்புறுதி நிறுவனம் ஒன்றுக்காக இருபது வருடங்களாகக் களவுகளை விசாரித்து வருபவர் பாமா. அவரைவிட அதில் ஆர்வம் கொண்டவர், பஸ் ஓட்டும் அவர் கணவர் ஸ்ரீதரன். கதவைத் திறக்கும்போதே அவர் கையில் குறிப்புப் புத்தகம் இருந்தது.

வந்தவர் மோர்டனில் இருக்கும் கிறிஸ்துநாயகம். ஜெர்மனியில் பன்னிரண்டு வருடம் ரயில் பெட்டி கழுவிவிட்டு லண்டனுக்கு வந்தவர்.

"என்ர எஞ்சினை முடமாக்கிப்போட்டா, பாமா. வேற ஆர், என்ர மனிசிதான்!"

அது பிரஷ்ய ஜி-3 என்ற பழைய சரக்கு எஞ்சினின் பித்தளை மாதிரி. ஏழு வருட உழைப்பு. ஒரே அளவான ஆறு சக்கரங்கள். அவற்றைப் பக்கத்துக்கு ஒரு தண்டு இணைக்கும். இன்று இரண்டு மணிக்குத் தேவாலயப் பங்கு மண்டபத்தில் அது முதன்முறை நீராவியில் ஓட வேண்டும். நேற்று வேலை முடிந்து வந்து ஷெட்டைத் திறந்தால், தண்டுகள் இரண்டையும் காணவில்லை.

"ஏன் அக்காவைச் சொல்லுறியள்?"

"அவவுக்கு எஞ்சினில எரிச்சல். கறுப்பாக் கிடந்த சக்கரத்துக்கு வியாழன் பின்னேரம் சிவப்பு அடிச்சுப்போட்டு வாறன், 'எனக்கு ஒரு சீலை நிறம் பார்த்து வாங்கினனீங்களோ' எண்டு கேக்கிறா. இப்ப வெஸ்ட் ஈலிங்கில தங்கச்சி வீட்டுக்குப் போகச் சூட்கேஸ் அடுக்குறா."

"ஷெட் பூட்டின்ர திறப்பு வேற ஆரிட்ட இருக்கு?"

"பக்கத்து வீட்டுப் புவனேந்திரனிட்ட. ஜெர்மனியில ஒண்டா வேலை செய்தனாங்கள்."

மோர்டனில், ஷெட்டுக்குள் பாமா வெகுநேரம் குனிந்து நின்றார். கழற்றிய திருகாணிகள் ஒரு கோப்பைத் தட்டில் வரிசையாக இருந்தன. தண்டு பூட்டும் முளைகளில் புது எண்ணெய் மினுங்கியது.

சமையலறையில் கிறிஸ்துநாயகத்தின் மனைவி அருள்மலர் நிமிர்ந்து பார்த்தார். "ஓம், எனக்கு அதில எரிச்சல்தான். நான் தொட்டிருந்தால் சுத்தியலோடதான் தொட்டிருப்பன்."

"கோபக்காரி," என்று ஸ்ரீதரன் ஆவலோடு எழுதிக்கொண்டார்.

பக்கத்து வீட்டில் புவனேந்திரன் தேநீர் கொடுத்து வரவேற்றார். "ஈஸ்டருக்குப் பிறகு நான் அந்த ஷெட் பக்கம் போகேல்லை."

"எஞ்சின் நல்ல வடிவு, என்ன அண்ணை?"

"வடிவுதான். ஆனா சக்கரத்துக்கு அந்தத் தீச்சிவப்பு பொருந்துமே? அந்தக் காலத்து எஞ்சினுக்கு மண்சிவப்பெல்லோ அடிக்கிறது! அதெல்லாம் அவனுக்கு எங்க தெரியும்?"

பாமா கோப்பையை வைத்துவிட்டு எழுந்தார். "வாங்கோ அண்ணை, ஒருக்கா அங்கால போவம்."

கிறிஸ்துநாயகத்தின் சமையலறையில் எல்லோரும் கூடினார்கள்.

"உடைக்க வந்தவர் திருகாணியை வரிசையா வைக்கமாட்டார். கழட்டின இடத்துக்கு எண்ணெயும் பூசமாட்டார். இது எஞ்சினை வெறுத்த ஆளின்ர வேலை இல்லை, அதை விரும்பின ஆளின்ர வேலை," என்றார் பாமா. "நாயகம் அண்ணை, சிவப்பு அடிச்சதை ஆருக்காவது காட்டினனீங்களோ?"

"இல்லை. அடிச்ச உடன பூட்டினனான்."

"அப்ப ஈஸ்டரில கறுப்புச் சக்கரம் பார்த்தவருக்குத் தீச்சிவப்பு எப்பிடித் தெரியும்?"

புவனேந்திரன் எழுந்து தன் வீட்டுக்குப் போய்த் திரும்பி வந்தார். வெள்ளைக் கைக்குட்டையில் சுற்றிய தண்டுகளைச் சட்டைக்குள்ளிருந்து எடுத்து மேசையில் வைத்தார்.

"மியூசியத்தில மூண்டு ஞாயிறு நிண்டு அளந்து அதின்ர வரைபடத்தைக் கீறினது நான், நாயகம். பங்குச் செய்திமடலில உன்ர படம், உன்ர பேர். என்ர பேர் எங்கயடா?"



அருள்மலர் சூட்கேசைத் தூக்கினார். "கழட்டினது ஆரெண்டு இப்ப தெரிஞ்சிட்டுது. ஆனா நீங்கள் முதல் நினைச்சது என்னை." வாசல் கதவு அடித்துச் சாத்தியது.

மணி ஒன்று. கிறிஸ்துநாயகம் தண்டுகளை எடுத்துப் புவனேந்திரனின் கையில் திணித்தார்.

"நீ பூட்டு. நீயே ஓட்டு. கீறினது ஆரெண்டு அங்க எல்லாருக்கும் சொல்லு."

வீட்டுச் செருப்போடே ஓடி, மோர்டன் ஸ்டேஷனில் புறப்படவிருந்த ரயிலுக்குள் பாய்ந்தார். பெட்டியின் கோடியில் அருள்மலர் இருந்தார்.

"உங்கட எஞ்சின் இரண்டு மணிக்கெல்லோ?"

"ஓம்."

"அப்ப இங்க என்ன செய்யிறியள்?"

அவர் மூச்சு வாங்கியபடி நின்றார். கதவுகள் மூடின. அவர் காலிலிருந்த வீட்டுச் செருப்பைப் பார்த்த அருள்மலர், பக்கத்து இருக்கையிலிருந்த சூட்கேசை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.