ஆசைப்படாதவர்களுக்கு மலிவு விலை

செசிலி திரையில் தெரிந்த மலையைப் பிடிக்காததுபோல் பார்க்க முயன்றாள். கட்டணம் உடனே ஏறியது.

"முகத்தை ஏன் அப்படி வச்சிருக்க? எலுமிச்சம்பழத்தக் கடிச்ச மாதிரி இருக்கு," என்றான் அவள் கணவன் அமலதாஸ், சோபாவில் சாய்ந்தபடி.

"பிடிக்காத மாதிரி பாக்குறேங்க."

"அது மூஞ்சியப் பாக்கல செசி. உள்ள பாக்குது."

உண்மைதான். எத்தனை பேர் தேடுகிறார்கள் என்று எண்ணிப் பார்த்து விமானக் கட்டணத்தை ஏற்றி இறக்கிய காலம் போய்விட்டது. அது வெறும் குத்துமதிப்பு. வேட்கைமானி அப்படி அல்ல. கைப்பேசியில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு, போக விரும்பும் ஊரின் படத்தைப் பார்க்க வேண்டும். கண்மணி எவ்வளவு விரிகிறது, விரல்நுனியில் எவ்வளவு ஈரம் கசிகிறது, நாடி எங்கே துள்ளுகிறது என்று மானி பார்த்து, நூற்றுக்கு ஓர் எண் தரும். விரலை எடுக்கும்வரை அளந்துகொண்டே இருக்கும். எண் ஏறினால் கட்டணமும் ஏறும். அதிகம் ஆசைப்படுகிறவர் அதிகம் கொடுக்கட்டுமே, இதைவிட நியாயம் உண்டா என்று சட்டம் கொண்டுவந்தவர்கள் கேட்டார்கள். சாவுக்கும் சிகிச்சைக்கும் போகிறவர்களுக்கு மட்டும் விலக்கு.

அதற்குப் பிறகு விமானங்களில் கொட்டாவி விடுகிறவர்கள் நிறைந்தார்கள். அலுவலகம் துரத்தியதால் பாரிசுக்குப் போகிறவர்கள், மச்சான் கல்யாணத்துக்குத் தலையெழுத்தே என்று கிளம்பியவர்கள், எங்கே போனால் என்ன என்று இருப்பவர்கள். சில சாமியார்கள் ஏறக்குறைய இலவசமாக உலகத்தைச் சுற்றிவந்தார்கள். புதுமணத் தம்பதிகள் தேனிலவுக்கு ரயிலில் போனார்கள். மாத்திரை போட்டு நாடியைத் தணித்தவர்களை மானி கையும் களவுமாகப் பிடித்து ஓராண்டு பறக்கத் தடை போட்டது.

செசிலியின் எண் தொண்ணூற்றாறு.

அவள் திருச்சியில் ஒரு பெரிய மருத்துவமனையின் அறுவை அரங்கில் செவிலியாக இருந்தாள். இருபத்தைந்து ஆண்டுகளாக ஒரே பச்சைத் தரையில், ஒரே மேசையைச் சுற்றி நின்ற கால்கள் அவளுடையவை. பயிற்சி மாணவியாக இருந்தபோது ஏதோ ஒரு பத்திரிகையில் ஜார்ஜியா நாட்டின் மலைப்பாதையைப் பார்த்தாள். பனிமலைகளுக்கு அடியில் பச்சைச் சரிவு, அதில் ஒற்றையடிப்பாதை, கல் கோபுரங்கள் நிற்கும் கிராமங்கள். ஒரு கிராமத்திலிருந்து இன்னொன்றுக்கு நடந்தே போகலாம், வாரக்கணக்கில். காலை எடுத்து வைத்தால் அது பழைய இடத்துக்குத் திரும்பி வராது. அந்த எண்ணமே அவளுக்குத் தித்தித்தது.

இந்த ஆண்டுதான் நீண்ட விடுப்பு கிடைத்தது. அடுத்த ஆண்டு தலைமைச் செவிலி ஆகிவிட்டால் இரண்டு நாள் சேர்ந்தாற்போல் கிடைக்காது. மலைக் கணவாய்கள் மழைக்காலத்துக்குள் பனியால் மூடிவிடும். அவளுக்கு மானி கேட்ட கட்டணத்துக்கு ஒரு கார் வாங்கலாம்.

அமலதாஸ் மின்தூக்கிகளைப் பழுது பார்க்கும் நிறுவனம் நடத்தினான். படிக்கட்டு என்பது மின்தூக்கி கெட்டுப்போனால் ஏறுவதற்கு என்பது அவன் கட்சி. ஜார்ஜியாவுக்கு அவனுடைய எண் நான்கு. தஞ்சாவூருக்கு வாடகைக் காரில் போவதைவிட அவனுக்கு அந்த விமானம் மலிவாக இருந்தது.

"நான் மட்டும் போய் உனக்காகப் பாத்துட்டு வரவா?" என்று கேட்டு, தலையணையால் அடி வாங்கினான்.

தில்லைநகரில் சிவப்பிரகாசம் என்பவர் பற்றறு பயிற்சி நிலையம் நடத்தினார். ஆசையைக் குறைக்க அங்கே வகுப்பு எடுத்தார்கள். செசிலியை இருட்டறையில் உட்காரவைத்து, நீண்டதூர நடையின் துன்பங்களைப் படமாகக் காட்டினார். வெடித்த கொப்புளங்கள், ஒழுகும் கூடாரம், ஆடை முழுதும் சேறு, துரத்தும் ஆட்டுமந்தைக் காவல் நாய்கள்.

படம் முடிந்ததும் மானி தொண்ணூற்றெட்டு காட்டியது.

"அம்மா, கொப்புளத்தக் காட்டினாக்கூட உங்க கண்ணு மலருது," என்றார் சிவப்பிரகாசம் வருத்தத்துடன்.

"அந்தக் கொப்புளத்துக்கு எப்படிக் கட்டுப் போடணும்னு யோசிச்சேன் சார்."

அவர் கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்து, வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

அன்று மதியம் செசிலி சாப்பிடாமல் படுத்திருந்தாள். அமலதாஸ் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு அவளருகே வந்து உட்கார்ந்தான். அவள் அழுதிருக்கிறாள் என்று தெரிந்தது. ஆறு மாடிக் கட்டடத்தில் சிக்கிய மின்தூக்கியை விடுவிக்க வழி தேடுகிறவனைப்போல் கொஞ்ச நேரம் யோசித்தான்.

"செசி, நான் சொல்றதக் கேளு. வயிறு நிறையச் சாப்பிட்டவன் முன்னாடி பிரியாணிய வச்சா அவன் கண்ணு விரியுமா?"

"அதுக்கு?"

"உனக்கு மலை மேல ஆசையா, நடக்கிறதுல ஆசையா? நடக்கிறதுலதான். அப்ப நடந்து தீத்துரு. போதும் போதும்னு ஆகிற வரைக்கும் நட. அப்புறம் விரல வை."

"எங்க நடக்கிறது?"

"காவிரி கரையோட. கடல் வரைக்கும்."

அவள் எழுந்து உட்கார்ந்தாள். "நீங்க?"

அவன் தன் கால்களை ஒருமுறை பார்த்துக்கொண்டான். "பை தூக்க ஆள் வேணாமா?" என்றான்.

ஆடி மாதம். ஆற்றில் புது வெள்ளம் செங்காவி நிறத்தில் நகர்ந்துகொண்டிருந்தது. இருவரும் கல்லணையைத் தாண்டியதும் ஒரு தானோட்டிப் பேருந்து அவர்கள் பக்கத்தில் வந்து நின்றது. "ஏறுகிறீர்களா?" என்று பெண்குரலில் கேட்டது. வேண்டாம் என்றார்கள். அது போகவில்லை. காரணமில்லாமல் நடக்கும் மனிதர்களை அதற்குப் பழக்கமில்லை. யாருக்கோ உடம்புக்கு முடியவில்லை என்று நினைத்திருக்க வேண்டும். அடுத்த ஊர்வரை அவர்கள் வேகத்துக்கே ஊர்ந்து வந்து, "தண்ணீர் வேண்டுமா? ஆம்புலன்ஸை அழைக்கவா?" என்று கெஞ்சிக்கொண்டே இருந்தது. அமலதாஸ் கடைசியில் அதன் பக்கவாட்டில் தட்டிக்கொடுத்து, "வீட்டுக்குப் போ ராசா, நாங்க நல்லாத்தான் இருக்கோம்," என்றான். செசிலி சிரித்த சிரிப்பில் கரையில் மேய்ந்த ஆடுகள் நிமிர்ந்து பார்த்தன.

முதல் நாள் மாலை அவள் எண் தொண்ணூற்றேழு. மறுநாளும் அப்படியே. அமலதாஸின் குதிகாலில் கொப்புளம் வந்தது. செசிலி அதற்குக் கட்டுப் போட்ட அழகைப் பார்த்து, தேநீர்க்கடைக்காரர் தன் காலையும் நீட்டினார்.

திருவையாற்றில் அசோகா அல்வா வாங்கித் தின்றார்கள். வாழையிலையில் நெய் வழிந்தது. கும்பகோணத்துக்கு முன்னால் மழை பிடித்துக்கொண்டது. செங்கல் சூளை ஒன்றின் கொட்டகையில் ஒதுங்கி, சூடான கற்களின் மேல் துணி உலர்த்தினார்கள். அங்கே வேலை செய்த பெண்கள், "எந்தக் கோயிலுக்கு வேண்டுதல்?" என்று கேட்டார்கள். "கோயிலுக்கு இல்லீங்க. விமான டிக்கெட்டுக்கு," என்றாள் செசிலி. அவர்கள் தலையாட்டினார்கள். இந்தக் காலத்தில் எதுவும் இருக்கலாம்.

அந்த மழைக்குப் பிறகு அவள் எண் மெல்ல இறங்கத் தொடங்கியது. எண்பது, அறுபத்தைந்து, நாற்பது. சில மாலைகளில் விரலை வைத்துப் பார்க்கவே மறந்துபோனாள்.

அமலதாஸ் மறக்கவில்லை. அவள் குளிக்கப் போகும்போதெல்லாம் தன் விரலை ரகசியமாக வைத்துப் பார்த்தான். அவனுக்கு ஏதோ ஆகிக்கொண்டிருந்தது. காலையில் அவளுக்கு முன்னால் எழுந்து காலணிக் கயிற்றைக் கட்டினான். கட்டியதும் ஒரு குறுகுறுப்பு. இந்தக் கரை ஏறி இறங்குவதே இவ்வளவு இன்பமென்றால் மலை எப்படி இருக்கும்? ஒரு கணவாயின் உச்சியில் நின்று அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தால்? நான்கு இருபதானது. மயிலாடுதுறையில் எழுபது. அவன் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவனைப்போல் விசிலடித்தான்.

பூம்புகாரில் கடல் வந்தது. செசிலி காலணியைக் கழற்றி எறிந்துவிட்டு, முழங்கால்வரை இறங்கி நின்றாள். அலை வந்து காலடி மணலை உருவிக்கொண்டு போனது. போதும் என்று இருந்தது அவளுக்கு. இத்தனை ஆண்டுகளில் அவள் ஒருநாளும் அப்படி உணர்ந்ததில்லை.

கரைக்கு வந்து விரலை வைத்தாள். பன்னிரண்டு.

"பன்னண்டு! என்னங்க, பன்னண்டு!" என்று கத்தினாள். "சீக்கிரம், உங்க விரல வைங்க. ரெண்டு பேருக்கும் சேத்து எடுத்துரலாம்."

"முதல்ல ஏதாவது சாப்பிடுவோமா?"

"வைங்கங்கறேன்."

அவன் வைத்தான். தொண்ணூற்று நான்கு.

செசிலி திரையைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். பிடிபட்ட திருடனைப்போல் அவன் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நாலு இருந்தப்பவே எடுத்துத் தொலச்சிருக்கலாமே?"

"நீ வருவியான்னே தெரியாத ஊருக்கு நான் எதுக்கு டிக்கெட் எடுக்கணும்?" என்றான். பிறகு மெதுவாக, "நீ போ செசி. உன் ஆசைதானே இது. நான் பூம்புகார்லயே இருந்து கையாட்டுறேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துச் சிரித்து மணலில் உட்கார்ந்தாள். அவனும் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"வேண்டாங்க," என்றாள் அவள். "போக வேண்டாம். வடகரைக்கு மாறி, கொள்ளிடத்தோட மேல ஏறுவோம். லீவு இன்னும் கெடக்கு. முடிஞ்சா மேட்டூர் வரைக்கும் போவோம்."

"என்னச் சமாதானப்படுத்தத்தான் இப்படிச் சொல்ற."

"பன்னண்டைப் பாத்தீங்கல்ல. எனக்கு நெசமாவே அந்த மலை இல்லாட்டியும் பரவால்ல. உங்ககூட நடந்தா போதும்."

திருமணமாகி இத்தனை ஆண்டுகளில் அவளுக்காக அவன் பல இடங்களில் காத்திருந்திருக்கிறான். மருத்துவமனை வாசலில், வண்டிக்குள், சாப்பாட்டு மேசையில். அவள் போதும் என்று சொல்லி அவன் பக்கத்தில் உட்கார்ந்தது இதுதான் முதல்முறை. அவன் தோள்கள் தளர்ந்து இறங்கின. கடற்கரைக் கடையில் வறுத்த வஞ்சிரம் வாங்கிவந்து, முள்ளை எடுத்து எடுத்து அவளுக்குக் கொடுத்தான். நாளைக் காலை எந்தப் பாலத்தில் கொள்ளிடத்தைக் கடப்பது என்று இருவரும் விரலால் மணலில் வரைந்து பேசினார்கள்.

சாப்பிட்டு முடித்ததும் செசிலி சும்மா, பொழுதுபோக்காக, கைப்பேசியை நீட்டினாள். "எங்க, ஒருதடவ வைங்க பாப்போம்."

அவன் சட்டையில் விரலைத் துடைத்துவிட்டு வைத்தான். மலைப்படம் வந்தது. அழகாகத்தான் இருந்தது. ஏழு.

இருவரும் அந்த எண்ணைப் பார்த்தார்கள். அவன் ஆசைப்பட்டது மலைக்கே இல்லை என்பதை அவர்களுக்கு முன்னால் மானி கண்டுபிடித்துவிட்டது.

"போகணுமா?" என்றான் அவன்.

"போகாட்டியும் ஒண்ணுமில்ல."

"எனக்கும் ஒண்ணுமில்ல."

"அப்ப இப்பவே எடுத்துருங்க. மனசு மாறிடப்போகுது!"

இரண்டு பயணச்சீட்டும் சேர்ந்து ஒரு சுமாரான பட்டுச்சேலையின் விலைகூட வரவில்லை. பணம் போய்ச் சேர்ந்ததும் இருவரும் எழுந்து நின்று குதித்தார்கள். மீன் கடைக்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். பணம் கட்டிய பிறகு எவ்வளவு ஆசைப்பட்டாலும் மானியால் ஒன்றும் செய்ய முடியாது.

விமானத்தில் சுற்றிலும் எல்லோரும் தூங்கினார்கள். இவர்கள் இருவர் மட்டும் ஜன்னலில் நெற்றியை ஒட்டிக்கொண்டு வந்தார்கள்.

மலை அவளை ஏமாற்றவில்லை. சரிவெல்லாம் மஞ்சளும் ஊதாவுமாகப் பூத்திருந்தது. பனி உருகி வந்த ஓடைகளை, செசிலி சேலையைத் தூக்கிச் செருகிய பழக்கத்தில் காற்சட்டையைச் சுருட்டிக்கொண்டு, கடந்தாள். அமலதாஸ் முதல் கணவாயின் உச்சியில் ஏறி நின்று, மூச்சு வாங்க, "இதுக்கெல்லாம் லிஃப்ட் வைக்கக் கூடாது செசி! வைக்கவே கூடாது!" என்று கத்தினான். மலை அதைத் திருப்பிச் சொன்னது.

ஒரு மாலை, கல் கோபுரத்தின் கீழே இருந்த வீட்டில் தங்கினார்கள். வீட்டுக்காரி மக்வாலாவுக்கு அவர்கள் வயதுதான் இருக்கும். சிவந்த கன்னம், பெரிய கைகள். பாலாடைக்கட்டி அடைத்த ரொட்டியைச் சுடச்சுட எடுத்துவைத்துக்கொண்டே இருந்தாள். மூவர் காதிலும் மொழிபெயர்த்துச் சொல்லும் மொழிச்செவி இருந்ததால் பேச்சு தடையில்லாமல் ஓடியது. அவள் பிறந்தது முதல் அந்த மலைகளில் மாடுகளின் பின்னால் ஏறி இறங்குகிறவள். உங்கள் ஊர் எப்படி இருக்கும் என்று கேட்டாள்.

அமலதாஸ் காவிரிக்கரையில் எடுத்த படங்களைக் காட்டினான்.

மக்வாலா ரொட்டியைக் கீழே வைத்தாள். "மலையே இல்லையா? எல்லாப் பக்கமும் வானமா?"

"எல்லாப் பக்கமும். கண்ணுக்கு எட்டுற வரைக்கும் நெல்லு."

"ஏற வேண்டாமா? நடந்துகொண்டே இருக்கலாமா, கடல் வரை?"

"கடல் வரைக்கும்! காலுக்கு ஒரு கஷ்டமும் இல்லை."

அவள் கைகளை இடுப்பில் கட்டியிருந்த துணியில் துடைத்துக்கொண்டு, தன் கைப்பேசியை எடுத்தாள். அந்த ஊரின் பெயரைக் கேட்டுத் தட்டினாள். கட்டைவிரலை வைத்து, பச்சை வயலையும் ஆற்றையும் பார்த்தாள். மானி முப்பது காட்டியது. கட்டுப்படியாகும் விலைதான் என்று அவள் முகம் மலர்ந்தது.

அமலதாஸுக்கு உற்சாகம் தாங்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, பனைமரங்களைப் பற்றிச் சொன்னான். வாழையிலையில் நெய் வழிந்ததைச் சொன்னான். ஆறு கிளை கிளையாகப் பிரிந்து வயல்களுக்குள் போவதைக் கையை விரித்துக் காட்டினான். கூடவே வந்து கெஞ்சிய பேருந்தைப் பற்றிச் சொன்னபோது மக்வாலா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். விரலை மட்டும் எடுக்கவில்லை. அவள் கண்கள் அகல அகல, ஐம்பது, அறுபத்தெட்டு, எண்பத்திரண்டு.

செசிலி மேசைக்கு அடியில் கணவனின் தொடையைக் கிள்ளினாள்.

"போதும், நிறுத்துங்க. நீங்க பேசப் பேச அவங்க டிக்கெட் ஏறுது."