பின்னறிவு நீக்கி

இன்றுமுதல் நீதிமன்றங்களில் தவறான தீர்ப்பே வராது என்று அரசு அறிவித்தது. அறிவிப்பை வாசித்த சட்ட அமைச்சர் மூன்று இடங்களில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மூன்று இடங்களும் உரையிலேயே குறிக்கப்பட்டிருந்தன.

அந்த அற்புதம், பியூட்டி பார்லரில் முடி உலர்த்தும் தொப்பியைப் போல, நீதிபதி ஆபத்சகாயத்தின் தலைக்குமேல் தொங்கியது. பெயர் பின்னறிவு நீக்கி. நடந்து முடிந்தபின் எல்லாரும் ஞானிகள். அந்த ஞானத்தை நீதிபதியின் மூளையிலிருந்து அரைமணி நேரத்துக்கு அது உருவிவிடும்.

குற்றவாளிக் கூண்டில் நின்ற கயற்கண்ணி ஆறு மாதம் முன்புவரை கலெக்டர். ஒருநாள் காலை ஐந்து மணிக்கு, 'மிதமான மழை' என்ற வானிலை அறிக்கையைப் படித்துவிட்டு, பள்ளிகளுக்கு விடுமுறை இல்லை என்றாள். எட்டரைக்கு ஓடை உடைத்துக்கொண்டு ஒரு பள்ளி வேனை இழுத்துப் போனது. பதினோரு பிள்ளைகள். இப்போதெல்லாம் அந்த எண்ணோடுதான் கண்விழிக்கிறாள்.

தொப்பி இறங்கியது. நீதிபதியின் முகம் துடைத்த பலகையாயிற்று. அவளுடைய வக்கீல் ஜெபராஜ் அன்றைய அறிக்கையை நீட்டினார்.

"மணி அஞ்சுங்கய்யா. மிதமான மழையாம். லீவு விடலாமா?"

ஆபத்சகாயம் சிரித்தார். "தூத்தலுக்கெல்லாம் லீவு விட்டா பசங்க எப்பய்யா உருப்படறது? பள்ளிக்கூடம் நடக்கட்டும். இதைக் கேக்கவா என்னை எழுப்பினீங்க?"

அவள் எடுத்த அதே முடிவு. சட்டப்படி விடுதலை. ஆறு மாதத்தில் முதல்முறையாகக் கயற்கண்ணிக்கு மூச்சு அடிவயிறுவரை இறங்கியது.

பாக்கி ஒரு கையெழுத்து. ஆனால் நினைவு தப்பியவர் போடும் கையெழுத்து செல்லாது. அது பழைய சட்டம், திருத்த யாருக்கும் நேரமில்லை. தொப்பியைக் கழற்றினார்கள். பதினோரு பிள்ளைகளும் நீதிபதியின் முகத்துக்கு ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள்.

தொப்பி தலையில் இருந்தபோது எடுத்த வீடியோ பதிவை ஜெபராஜ் போட்டுக் காட்டினார். தான் சிரிப்பதை நீதிபதி உற்றுப் பார்த்தார்.

"சிரிப்பைப் பாக்காதீங்க, கண்ணைப் பாருங்க. உள்ளுக்குள்ள எனக்கு அப்பவே உறுத்தியிருக்கு."

"ஐயா, பள்ளிக்கூடம் நடக்கட்டும்னு நீங்கதானே..."

"மெஷின் அப்படிச் சொல்ல வெச்சிருச்சு. வானத்தைப் பாத்தா தெரியாதாய்யா? சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும்."

"வேன்ல ஏறின குழந்தைங்களுக்குத் தெரியலைங்கய்யா," என்றாள் கயற்கண்ணி. யார் காதிலும் விழவில்லை.

ஏழு வருடம். கையெழுத்து அழகாக விழுந்தது.

மறுநாள் மாநிலம் முழுக்க வெயில் கொளுத்தியது. எல்லா கலெக்டர்களும் மழை விடுமுறை விட்டிருந்தார்கள்.