சீழ் வைக்காத புண்

இருபத்தொன்பதாம் நாளும் பிள்ளையின் தொப்புள்கொடி விழவில்லை.

குருநகரில் அன்று காற்றே இல்லை. முற்றத்தில் காயப்போட்ட கருவாட்டின் வாடையும் வலையில் ஊறிய பாசியின் நாற்றமும் ஜன்னலால் வந்து, ஏணையில் கிடந்த பிள்ளையின் பவுடர் மணத்தோடு கலந்து அறையை நிறைத்திருந்தன. சிசிலியா துணியை விலக்கிப் பார்த்தாள். காய்ந்த கொடி. அடியில் வட்டமாய்ச் சிவப்பு. பொட்டுச் சீழ் இல்லை. இன்னொருமுறை குனிந்து தேடினாள்.

"சீழ் வைக்கேல்லை, பாத்தியே? நல்ல சுத்தமான உடம்பு," என்றாள் மாமி லூர்த்தம்மா. "பிந்தி விழுந்தால் என்ன, மெல்ல விழட்டும்."

மூத்தவன் அடைக்கலநாதனுக்கும் மாமி இதையேதான் சொன்னாள். ஏழாம் மாதத்தில் நுளம்பு கடித்த இடத்தை அவன் சொறிந்தான். தடிப்பு கறுத்தது, கறுப்பு அகன்றது, சீழ் மட்டும் வரவேயில்லை. நல்ல காயம், தானாக ஆறும் என்று ஊரே சொன்னது. ஊருக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விடும். ஆஸ்பத்திரியில் டாக்டர்தான் அழுத்தி அழுத்திப் பார்த்தார்.

"கிருமி போன இடத்திலை சீழ் வரவேணும், அம்மா. உடம்பு சண்டை பிடிக்குது எண்டதுக்கு அடையாளம் அது. உந்தப் பிள்ளையின்ரை உடம்பு சண்டை பிடிக்கேல்லை. புருசன் சொந்தமோ?"

"ஓம். அப்பாவின்ரை அக்கா மகன்."

"அடுத்த பிள்ளைக்கும் உது வரலாம். ஒரு கீறல் படாமல் பாருங்கோ."

நாலாம் நாள் அடைக்கலநாதன் செத்துப்போனான்.

அதனால் இந்தப் பிள்ளைக்கு அவள் கையுறை தைத்துப் போட்டாள். ஊசி, கத்தரிக்கோல், மீன்முள் எதையும் அறைக்குள் விடவில்லை. மாமி சிரித்தாள். அடுத்த நாள் குளிக்க வார்க்கும்போது, "ஒரு முறுக்கு முறுக்கினால் வந்திடும்," என்று மாமி கொடியைப் பிடித்தாள்.

"விடுங்கோ மாமி!"

சிசிலியா பாய்ந்து பிள்ளையைப் பறித்து நெஞ்சோடு இறுக்கினாள். பிள்ளை வீரிட்டது. இறுக்கின விரல்களை அவள் வெகுநேரம் தளர்த்தவில்லை.

அதன் பிறகு பிள்ளையைக் குளிக்க வார்க்கவும் விடாமல் தொப்புளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் காலை கொடி தானாக விழுந்து துணியில் கிடந்தது. தொப்புளில் புண் இல்லை, சிவப்பும் வடிந்திருந்தது. அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மாமி படலையடிக்கு ஓடி, "என்ரை பேரன் தப்பீட்டான்!" என்று அயலுக்கெல்லாம் சொல்லிக் கத்தினாள்.

அன்று மாலை பிள்ளை பால் குடிக்கவில்லை. உடம்பு கொதித்தது. கருவாட்டு வாடைக்கு அடியில் வேறொரு மணம். இனிப்பாய். அடைக்கலநாதனின் கடைசி நாலு நாளும் அவள் மூக்கில் ஒட்டியிருந்த மணம்.

உடுப்பைக் கழற்றினாள். வயிறு சுத்தம். கை சுத்தம். கழுத்து சுத்தம்.

திருப்பினாள்.

தொடையின் பின்புறம். நாலு கீறல். வரிசையாய், பிறை பிறையாய். கறுத்துக் காய்ந்து, சுற்றிலும் ஊதா படர்ந்து. சீழ் இல்லை.

எந்த முள்? எந்த ஊசி?

பிள்ளையைத் தூக்கக் கையைக் கொடுத்தாள். விரல்கள் தாமாகவே அந்த இடத்தில் போய் அமர்ந்தன. நாலு பிறை. அவளுடைய நாலு நகம். அளவு கொஞ்சமும் பிசகவில்லை.