இங்க ஆள் வர்றாங்க

காலை பத்து மணிக்கு அந்தச் சுரங்க ஊர் கிளப்புக்குள் நுழைந்தேன். வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. சூதாட்ட அறையில் சன்னலும் கிடையாது, கடிகாரமும் கிடையாது. பகல் அங்கே எட்டிக்கூடப் பார்க்காது. கம்பளத்தில் பழைய பீர் நாற்றம்.

காசு போட்டுப் பொத்தானை அழுத்தி ஆடும் 'போக்கி' சூதாட்ட இயந்திரங்களைப் பழுதுபார்ப்பது என் பிழைப்பு. இருபது வருஷமாக அவற்றின் வயிற்றைத் திறந்து பார்த்தவன், அவற்றைக் கண்டாலே எனக்கு ஆகாது. உள்ளே அதிர்ஷ்டமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. பொத்தானை அழுத்தும் நொடியில் ஏதோ ஓர் எண் விழும், அவ்வளவுதான். போன ஆட்டம் அதற்கு ஞாபகமே இருக்காது. ஆட ஆட, கிளப்புக்குத்தான் லாபம். அப்படியிருந்தும் நானும் எப்போதாவது ஆடுவேன். இருபது டாலர் தீர்ந்ததும் எழுந்துவிடுவேன்.

ஏழாம் இயந்திரத்தில் 'ரிசர்வ்' விளக்கு அணையவில்லை என்றார் மேனேஜர். கழிவறைக்குப் போகிறவர்கள், பஸ்ஸில் துண்டு போடுவதுபோல, அந்தப் பொத்தானை அழுத்திவிட்டுப் போவார்கள். மூன்று நிமிடத்தில் தானாக அணையும். இது மூன்று நாளாக எரிகிறது.

அந்த ஸ்டூலில்தான் போன மாதம், தினமும் ஆட வரும் நோரீன் உட்கார்ந்தபடியே செத்துப்போனாள். அவள் மகள் லியான் பக்கத்தில் நின்றாள், கையில் வீட்டு வாடகைப் பணம்.

"பதினோரு வருஷமா அம்மா இதுல கொட்டினாங்க, ரஸ். இனிமே இது குடுத்துத்தான் ஆகணும்."

"உங்க அம்மா யாருன்னே அதுக்குத் தெரியாது. வீட்டுக்குப் போ."

"இருபது டாலரோட எந்திரிக்கிற மகான் நீ. உனக்கு எங்க புரியப்போவுது?"

உள்ளே இருந்த சர்க்யூட் பலகையை மாற்றினேன். அப்போதும் விளக்கு எரிந்தது.

மின்சார வயரைப் பிடுங்கினேன்.

எரிந்தது.

பெப்பர்மின்ட் வாசனை வந்தது. நோரீன் வாயில் எப்போதும் கிடக்கும் மிட்டாய். காலி ஸ்டூலின் மெத்தை மெல்ல அமுங்கியது.

லியானின் கையைப் பிடித்து வாசல்வரை இழுத்துப் போனேன். இனி எந்த கிளப்பையும் மிதிக்க மாட்டேன் என்று அழுதுகொண்டே சத்தியம் செய்தாள். அன்றே மேனேஜரிடம் சொல்லி அந்த இயந்திரத்தை நொறுக்கக் கொடுத்தேன்.

இரண்டு மாதம் கழித்து, ஐந்நூறு கிலோமீட்டர் தள்ளி, கடலோர ஊரில் வேறொரு கிளப்புக்குப் பழுதுபார்க்கப் போனேன். நட்டநடுப் பகல். லியான் உட்கார்ந்திருந்தாள். பாதியாக இளைத்திருந்தாள், கண் திரையைவிட்டு நகரவில்லை. பக்கத்து இயந்திரத்தில் ரிசர்வ் விளக்கு.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. அவளைக் கிளப்பிவிட்டுத்தான் மறுவேலை என்று பக்கத்து ஸ்டூலை இழுத்தேன். மெத்தை சூடாக இருந்தது.

"அங்க உக்காராத ரஸ்," என்றாள், திரும்பாமலே. "அம்மா பாத்ரூம் போயிருக்காங்க."

பெப்பர்மின்ட் வாசனை என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றது.