பூஜையில் வைத்த ஜப்பான் வாள்

அமெரிக்காவில், சுகர் லேண்ட் என்கிற ஊரில் மகாதேவன் சார் வீட்டுச் சமையலறைக்குத் தரை டைல் ஒட்டப் போயிருந்தேன். சனிக்கிழமை, ஆயுத பூஜை. ஹாலில் சாமி படத்துக்கு முன்னால் லேப்டாப், கார் சாவி, பொண்ணோட வயலின் எல்லாம் இருந்தது. நடுவில் நீளமாக ஒரு வாள்.

"உங்க டைல் கட்டரையும் கொண்டாங்க மேஸ்திரி. அதுவும் ஆயுதம்தானே," என்றார் சார்.

ஆயில் கம்பெனி இன்ஜினியர் அவர். உலகப் போரில் ஜப்பான் ராணுவத்துக்காரன் வைத்திருந்த வாள்களைத் தேடித் தேடி வாங்குகிற பைத்தியம். பிடியிலிருந்த மூங்கில் ஆணியைத் தட்டி எடுத்து, பிடியை உருவிக் காட்டினார். உள்ளே இரும்பு கருப்பாகத் துரு ஏறிக் கிடந்தது.

"ஃபேக்டரில செஞ்சதுன்னா இங்க ஸ்டாம்ப் அடிச்சிருப்பான். இதுல இல்ல பாருங்க. வாள் ரொம்பப் பழசு, மிலிட்டரி பிடி மட்டும் அப்புறம் போட்டது. சயாம்ல ரயில் ரோடு போட்டாங்கல்ல, அங்க இருந்த ஆபீசரோடதுன்னு வித்தவன் சொன்னான். நம்ம ஆளுங்கள மலாயாலேர்ந்து கூலியா ஓட்டிட்டுப் போனாங்களே, அந்த இடம்."

"இவ்ளோ துருவா? விளக்கு தேச்ச புளி மிச்சம் இருக்கு, தரட்டா?" என்றார் அவர் மனைவி விஷாகா.

"தாயே, நீ அதுல கை வைக்காதே! துருவப் பார்த்துத்தான் வயசே சொல்றது."

அந்தம்மா சிரித்துக்கொண்டே, பிடியை மாட்டினதும் வாளுக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார். வைத்த விரல் அப்படியே நின்றது.

"ஏங்க, பூஜையில வச்சத நாளைக்கு எடுத்து அதோட வேலையைச் செய்யணுமே. இதுக்கு என்ன வேலை?"

"ஒரு பூசணிக்காய வெட்டினாப் போச்சு. போம்மா."

கற்பூரம் காட்டினார்கள். லேப்டாப் மேல், என் கட்டர் மேல் எல்லாம் வெளிச்சம் ஆடியது. வாள் மேல் மட்டும் ஆடவில்லை. என் கண்ணுக்கு அப்படித்தான் பட்டது.

மறுநாள் விஜயதசமி. காலையில் நல்ல வெயில். பூசணிக்காய் சமையல் மேடை மேல் தயாராக இருந்தது. நான் கட்டரைத் தொட்டுக் கும்பிட்டு, ஒரு டைல் வெட்டி, பசை தடவி, முட்டி போட்டுக் குனிந்தேன். எங்கள் பிழைப்பே அதுதான். பொழுதுக்கும் முட்டி, பொழுதுக்கும் குனிந்த தலை.

பின்னால் உறையிலிருந்து வாளை உருவுகிற சத்தம்.

"பூசணிக்கா மேடை மேல இருக்கு சார்."



ஏசி சத்தம் நின்றுபோனது. மழையில் ஊறிய இலையும் சேறும் அழுகின மாதிரி ஒரு நாற்றம். காலடி மேடைப் பக்கம் போகவில்லை. என் இடது பக்கம் வந்து நின்றது.

பூட்ஸ் சத்தம்.

சார் வீட்டுக்குள் செருப்புக்கூடப் போடமாட்டார்.

எழுந்திருக்கப் பார்த்தேன். முட்டி தரையை விடவில்லை. வலது பக்கம் யாரோ மூச்சு வாங்கினார்கள். என்னை மாதிரியே முட்டி போட்டு, என் தோளில் தோள் உரச.

"அண்ணே." தமிழ். காதுக்குள் ஊதின மாதிரி. "அசையாதீங்க. அசைஞ்சா ரெண்டு வெட்டு ஆயிடும்."

அவன் எனக்கு நல்லதுதான் சொன்னான். சுலபமாகச் சாகிற வழி. எனக்குச் சாக மனசில்லை.

உடம்பு மொத்தத்தையும் அவன் பக்கம் சாய்த்தேன். அங்கே யாரும் இல்லை. அப்படியே விழுந்தேன்.

காற்றைக் கிழித்துக்கொண்டு வந்த வாள், புதுசாக ஒட்டின டைலை இரண்டாகப் பிளந்தது. நான் குனிந்திருந்த அதே டைல்.

"என்னங்க! கீழ போடுங்க! கீழ போடுங்க!" மாடிப்படியில் நின்று அந்தம்மா அலறினார்.

சார் வெறுங்காலோடு நின்றிருந்தார். கண்ணில் தண்ணீர். "பூசணிக்காதான் வெட்டினேன் விஷா. சத்தியமா பூசணிக்காதான்."

பூசணிக்காய் மேடை மேல் முழுசாக இருந்தது.

அன்றைக்கே வாளைப் பெட்டியில் போட்டு, கலிஃபோர்னியாவில் இன்னொரு சேகரிப்பாளருக்கு அனுப்பிவிட்டார். நான் கிளம்பும்போது அந்தம்மா வாசல்வரைக்கும் வந்தார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"அதோட வேலை முடியலயே அண்ணா."

போன வாரம் முடி வெட்டிக்கொள்ளப் போனேன். கடைக்காரர் எனக்குப் பின்னால் கண்ணாடி பிடித்துக் காட்டினார். "என்னண்ணே, வேலை அவசரத்துல கழுத்துலயே பென்சில் கோடு போட்டுக்கிட்டீங்களா?"

டைல் வெட்டுவதற்கு முன்னால் போடுவோமே, அதே மாதிரி. ஒரு காதடியிலிருந்து மறு காதடிவரைக்கும். கொஞ்சம் சாய்வாக இருந்தது. வீட்டில் சோப்புப் போட்டுத் தேய்த்தேன். போய்விட்டது.

இன்று காலையில் இரண்டு கண்ணாடி வைத்துப் பார்த்தேன்.

கோடு மறுபடி வந்திருக்கிறது. ஒரு நூல் அளவு கீழே.

இந்தத் தடவை நேராக.